வயதானவர்களின் பார்வை இழப்பு ஆராய்ச்சிக்கு நன்கொடை: அந்தப் பணம் எங்கே போகிறது?

கண்ணுக்காக நன்கொடை என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது இலவசக் கண்புரை அறுவை சிகிச்சையும் மூக்குக் கண்ணாடியும்தான். நல்ல காரியங்கள், சந்தேகமே இல்லை. கண்புரையை எப்படிச் சரிசெய்வது என்று மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும், மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அங்கே பணம் தேவைப்படுவது அந்தச் சிகிச்சையை வேண்டியவரிடம் கொண்டுசேர்ப்பதற்கு. ஆனால் என்ன செய்வதென்று இன்னும் முழுசாகத் தெரியாத கண் நோய்களும் இருக்கின்றன. அவற்றில் பல, வயது ஏறஏறத்தான் ஆளைப் பிடிக்கின்றன. அவற்றுக்கு எத்தனை அறுவை அரங்குகள் கட்டினாலும் போதாது, முதலில் யாராவது உட்கார்ந்து அந்த நோய் ஏன் வருகிறது, எங்கே தடுக்கலாம் என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வேலைக்கு யார் பணம் தருகிறார்கள், நம்மைப் போன்றவர்கள் கொடுக்கும் தொகை அதில் எந்த இடத்தில் போய் விழுகிறது, கொடுப்பதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி

விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, குறுக்களவு சுமார் ஐந்தரை மில்லிமீட்டர்தான். எழுத்தைப் படிப்பது, முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது, இப்படி நுணுக்கமான பார்வை வேலை எல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது. வயதாக ஆக அந்தப் பகுதி பழுதாவதுதான் முதுமைசார் மாக்குலா சிதைவு. என் பெரியம்மாவுக்கு இந்த நோய். எதிரே நிற்பவரின் சட்டை நிறத்தைச் சொல்வார், முகம் தெரியாது, குரல் கேட்ட பிறகுதான் யாரென்று தெரியும். ஓரப் பார்வை கெடாமல் இருப்பதால் வீட்டுக்குள் இடிக்காமல் நடக்க முடிகிறது, அதனாலேயே மற்றவர்கள் 'நன்றாகத்தானே நடக்கிறார்' என்று நினைத்துவிடுகிறார்கள்.

2014ல் வெளியான ஒரு உலகளாவிய கணிப்பு, ஆரம்பநிலையில் இருப்பவர்களையும் சேர்த்து 2020ல் 19 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்றும், 2040ல் அது 28 கோடியே 80 லட்சமாகும் என்றும் சொன்னது. மனிதர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், அதுதான் முக்கியக் காரணம்.

இதில் இரண்டு வகை. பெரும்பாலானவர்களுக்கு வருவது உலர் வகை: விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் நிறப் படிவுகள் சேர்கின்றன, ஒளியை உணரும் செல்களுக்கு ஊட்டம் கொடுத்துக் கழிவை அகற்றும் நிறமி அடுக்கு மெல்ல மெல்ல நலிகிறது, வருடக்கணக்கில் பார்வை தேய்கிறது. இன்னொன்று ஈர வகை, இது குறைவாக வந்தாலும் வேகமானது. விழித்திரைக்கு அடியிலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் தப்பான இடத்தில் முளைத்து, கசிந்து, சில வாரங்களிலேயே நடுப்பார்வையைக் கெடுத்துவிடும். கிளாக்கோமா, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு இவையும் வயதோடு அதிகமாகும் நோய்கள்தான், பணம் சேரும் கதை அவற்றுக்கும் ஏறக்குறைய இதே. மாக்குலா நோயையே உதாரணமாக வைத்துக்கொண்டு போகலாம்.

மூன்று பைகளிலிருந்து வரும் பணம்

கண் ஆராய்ச்சிக்குப் பணம் தருபவை மூன்று: அரசாங்கம், மருந்து நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள். தொகையை மட்டும் பார்த்தால் முதல் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவது நிற்கவே முடியாது. அமெரிக்க அரசின் தேசிய கண் நிறுவனம் ஒன்றுக்கு மட்டும் சமீப ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை, ஆண்டுக்கு 80 கோடி டாலரைத் தாண்டியது. மருந்து நிறுவனம் ஒரு மருந்தைக் கடைசிக் கட்டப் பரிசோதனை வரை கொண்டுபோகச் செலவழிப்பது பல கோடி டாலர். அப்படியிருக்க, தனி மனிதர்கள் மாதாமாதம் போடும் சிறு தொகைகளால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓர் இளம் ஆய்வாளருக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றுகிறது என்று வையுங்கள், ட்ரூசன் படிவதற்கு இன்ன புரதம் காரணமாக இருக்கலாம் என்று. அரசு மானியத்துக்கு விண்ணப்பித்தால் 'இது நடக்கும் என்பதற்கு முதற்கட்ட ஆதாரம் எங்கே?' என்று கேட்பார்கள். கேட்பது தப்பில்லை, மக்கள் வரிப்பணம். ஆனால் அந்த ஆதாரத்தைச் சேகரிக்கவே ஒன்றிரண்டு வருட உழைப்பும் ரசாயனங்களும் கருவி நேரமும் ஓர் உதவியாளரின் சம்பளமும் வேண்டும், அதற்கு யார் கொடுப்பது? மருந்து நிறுவனம் இந்தக் கட்டத்தில் எட்டிப் பார்ப்பது அபூர்வம், ஏனென்றால் மருந்தாகும் என்பதற்கான அறிகுறியே இன்னும் கிடையாது. ஆதாரம் இல்லாமல் பணம் இல்லை, பணம் இல்லாமல் ஆதாரம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் தொண்டுப் பணத்தின் முக்கியமான வேலை. விதை மானியம், முன்னோடி மானியம் என்றெல்லாம் சொல்வார்கள். சிறு தொகை, குறுகிய காலம், யோசனை தேறுமா தேறாதா என்று பார்க்க மட்டும். தேறினால் அதை வைத்துக்கொண்டு அந்த ஆய்வாளர் அரசிடம் பெரிய மானியத்துக்குப் போகலாம். தேறாவிட்டால், அந்த வழி அடைப்பு என்று தெரிந்துகொண்டதற்கான செலவு அது.

அதனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது: நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி தோற்றுப்போகும் ஆய்வுகளுக்குத்தான் போகும். போக வேண்டும். எங்கள் மானியங்கள் அத்தனையும் வெற்றி என்று ஓர் ஆராய்ச்சித் தொண்டு அமைப்பு சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும், ஒன்று மிகைப்படுத்துகிறார்கள், இல்லையென்றால் ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் பணம் கொடுக்கிறார்கள்.

சிறு பணம் பெரும் பணத்தை வேறு விதத்திலும் இழுத்து வரும். ஜூல்ஸ் ஸ்டைன் என்ற கண் மருத்துவர், மருத்துவத்தை விட்டுவிட்டு இசை, திரைப்படத் தொழிலில் பெரும் செல்வந்தரானவர், 1960ல் பார்வை இழப்பைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அது மருத்துவக் கல்லூரிகளின் கண் துறைகளுக்குப் பணம் கொடுத்தது. அதோடு நிற்காமல், கண்ணுக்கென்று தனியாக ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும் என்று விடாமல் வாதாடியது. 1968ல் தேசிய கண் நிறுவனம் உருவானதில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கும் முன்னால், 1946ல், பரம்பரை விழித்திரை நோயால் தானே பார்வையை இழந்துகொண்டிருந்த மில்ட்ரெட் வைசன்ஃபெல்ட் என்ற பெண், கண் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார். இன்று இந்தத் துறையில் புழங்கும் பணத்தின் வேரைத் தேடிப் போனால் இப்படிப்பட்ட மனிதர்களிடம்தான் போய் நிற்கிறோம், எனக்கு அது மிகவும் மதிக்கத் தக்கதாகப் படுகிறது.

ஏன் இவ்வளவு காலம் ஆகிறது

நன்கொடை கொடுப்பவர்கள் பொறுமை இழக்கும் இடம் இது. 'இத்தனை வருஷமாக வசூலிக்கிறார்களே, மருந்து எங்கே?' என்று கேட்பார்கள். உலர் வகைக்கு நடந்ததை வரிசையாகச் சொன்னால் விஷயம் விளங்கும்.

2005ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக, ஒரே நேரத்தில், ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன: உடலின் நோயெதிர்ப்பு அமைப்பில் 'காம்ப்ளிமென்ட்' என்ற ஒரு பகுதியை அடக்கிவைக்கும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாறுபாடு இருப்பவர்களுக்கு மாக்குலா சிதைவு வரும் வாய்ப்பு கணிசமாக அதிகம். அதுவரை வயதானால் வருவது என்று மட்டும் நினைத்திருந்த நோயில் நோயெதிர்ப்பு அமைப்புக்கும் கை இருக்கிறது என்று தெரிந்தது. துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படியானால் அந்த அமைப்பைக் கொஞ்சம் அடக்கினால் நோய் நின்றுவிடுமா? ஒரு பெரிய மருந்து நிறுவனம் அந்த வழியில் லாம்பலிசுமாப் என்ற மருந்தைச் செய்து, நடுக்கட்டப் பரிசோதனையில் நம்பிக்கை தெரிந்ததும் கடைசிக் கட்டத்துக்குப் போனது. 2017ல் பலன் இல்லை என்று முடிவு வந்தது. அதே அமைப்பின் வேறொரு புள்ளியைத் தாக்கும் பெக்செட்டகோப்ளான் என்ற மருந்துக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு மருந்துக்கும். மரபணு தெரிந்து பதினெட்டு வருடம் கழித்து!

சரி, அந்த மருந்துகளாவது நோயை நிறுத்துகின்றனவா என்றால், இல்லை. கண்ணுக்குள் ஊசியாகப் போட வேண்டும், செல்கள் அழியும் பகுதி பரவுவதை அவை மெதுவாக்குகின்றன, அவ்வளவுதான். போன பார்வை திரும்பாது. நோயாளியின் அன்றாடப் பார்வைக்குப் போதுமான பலன் காட்டப்படவில்லை என்று சொல்லி, பெக்செட்டகோப்ளானுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2024ல் அனுமதி மறுத்துவிட்டது. இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். முதல் மருந்துகள் எப்போதுமே இப்படித்தான் அரைகுறையாக வரும், அவை அனுமதி பெற்றதே அடுத்து வருபவர்களுக்கு ஒரு பாதை.

ஈர வகையின் கதை இதைவிட நல்ல கதை. புற்றுக்கட்டிகள் தங்களுக்கென்று ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கின்றன, அதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1971ல் எழுதினார், அப்போது ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு. குழாய்களை வளரச் செய்யும் முக்கியப் புரதத்தை நெப்போலியோனே ஃபெராரா என்ற விஞ்ஞானி 1989ல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார். கண்ணிலும் அதே புரதம்தான் வில்லன் என்று பிறகு தெரியவந்தது. 2006ல் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசி வந்தது, அதுவரை ஈர வகை வந்தால் நடுப்பார்வை போனது போனதுதான் என்றிருந்த நிலை மாறியது. பலருக்குப் பார்வை நிலைத்தது, சிலருக்குக் கூடியது. இதில் பெரும்பணம் போட்டது மருந்து நிறுவனம். எல்லாவற்றையும் தொண்டு அமைப்புகளே சாதித்தன என்று சொன்னால் அது உண்மையாகாது.

இன்னொரு தடையும் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் எலிகளுக்கு மாக்குலாவே கிடையாது. புற்றுநோயையோ சர்க்கரை நோயையோ எலியில் வரவழைத்து ஆராய்வதுபோல இதைச் செய்ய முடியாது. அதனால் இறந்தவர்கள் தானம் செய்த கண்கள், ஸ்டெம் செல்லிலிருந்து (பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) வளர்த்தெடுத்த நிறமி அடுக்குச் செல்கள் என்று சுற்றுவழியில்தான் போக வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மாதிரிகளை உருவாக்கும் வேலை தலைப்புச் செய்தி ஆகாது. அதற்குப் பணம் கேட்டு விளம்பரம் செய்தால் யாருக்கும் மனம் உருகாது. ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் நகராது, இதற்கும் தொண்டு அமைப்புகள் பணம் தருகின்றன என்பதற்காகவே அவற்றை நான் மதிக்கிறேன்.

யாரும் கேட்காத கேள்விகள்

லாபம் வராத கேள்வியை மருந்து நிறுவனம் கேட்காது. ரானிபிசுமாப் வந்தபோது அமெரிக்காவில் ஓர் ஊசி சுமார் 2,000 டாலர். அதே நிறுவனத்தின் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குத் தேவையான சிறு அளவுகளாகப் பிரித்துப் போட்டால் சுமார் 50 டாலர்தான், 2005லிருந்தே கண் மருத்துவர்கள் சிலர் அப்படிப் போட்டுப் பார்த்து நல்ல பலன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சமமா என்று நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து நிறுவனத்துக்கு ஒரு காரணமும் இல்லை. தேசிய கண் நிறுவனம் பொதுப் பணத்தில், 1,200 பேரை வைத்து, அந்தப் பரிசோதனையைச் செய்தது. பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம் என்று 2011ல் முடிவு வந்தது. உலகம் முழுக்க எத்தனையோ பேருக்குச் சிகிச்சை எட்டியதற்கு அந்த ஒரு ஆய்வு காரணம்.

வைட்டமின் ஆய்வும் அப்படித்தான். சில வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை, நோய் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு அது முற்றும் அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைக்கிறது என்று 2001ல் தெரிந்தது. அதில் இருந்த பீட்டா கரோட்டின், புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால், 2013ல் முடிந்த இரண்டாவது ஆய்வு அதற்குப் பதிலாக லூட்டீன், சியாசாந்தின் என்ற தாவர நிறமிகள் இரண்டையும் போட்டுப் பார்த்துச் சரி என்றது. இதுவும் அரசுப் பணம். இந்த மாத்திரை நோயே வராமல் தடுக்காது, ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்குப் பலன் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைகளில் எல்லோருக்கும் பொதுவான கண் மாத்திரை என்றுதான் விற்கிறார்கள்.

இரண்டுமே அரசு செய்தவை. அரசு கைவைக்காத இதே மாதிரிக் கேள்விகள் ஏராளமாக மீதம் இருக்கின்றன. ஊசியின் இடைவெளியை எவ்வளவு நீட்டலாம், நடுப்பார்வை போனவர் ஓரப் பார்வையை வைத்துப் படிக்கப் பழகுவது எப்படி, பார்வை மங்கும்போது இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதை எப்படிச் சமாளிப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் வெளியே சொல்வதே இல்லை, புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அது மனநோய் இல்லை, சார்ல்ஸ் போனே என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு நிலை. பார்வையிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானாக உருவங்களை இட்டு நிரப்புகிறது. இதை விற்பனை மருந்தாக மாற்ற வழியில்லாததால் ஆராய்ச்சியும் குறைவு. நோயாளிகளே உறுப்பினர்களாக இருக்கும் தொண்டு அமைப்புகள், உதாரணமாக 1987ல் பிரிட்டனில் தொடங்கிய மாக்குலர் சொசைட்டி, எதை ஆராய வேண்டும் என்பதில் நோயாளியின் குரலைக் கொண்டுவரும்போது இந்த மாதிரிக் கேள்விகளுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

துணிச்சலான பணம் என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். 2007ல் லண்டனில் பேராசிரியர் பீட் காஃபி தலைமையில், கரு ஸ்டெம் செல்லிலிருந்து நிறமி அடுக்கை வளர்த்து ஒரு சின்ன ஒட்டுத்துண்டாக விழித்திரைக்கு அடியில் வைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தது, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அமெரிக்க நன்கொடையாளர் கொடுத்த 40 லட்சம் பவுண்டு. அதற்கப்புறம்தான் மருந்து நிறுவனம் கைகோத்தது. 2018ல் வெளியான முடிவில், கடுமையான ஈர வகையால் படிக்கவே முடியாமல் இருந்த இருவர் சாதாரணப் படிப்புக் கண்ணாடியோடு நிமிடத்துக்கு 60 முதல் 80 சொற்கள் வரை படித்தார்கள். இரண்டே பேர், அதை வைத்துச் சிகிச்சை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் தொகை இல்லையென்றால் அந்த இருவரும் இல்லை.

நிறுவனப் பணம் எவ்வளவு சீக்கிரம் வற்றிவிடும் என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். டேனியல் பலாங்கர் என்ற ஸ்டான்ஃபோர்ட் விஞ்ஞானி வடிவமைத்த, 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள, ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒரு மின்னணுச் சில்லு, உலர் வகை முற்றியவர்களின் விழித்திரைக்கு அடியில் வைப்பது. அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு நிறுவனம் பாதியிலேயே நொடித்துப்போய், 2024ல் அந்தத் தொழில்நுட்பம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2025 அக்டோபரில் முடிவு வந்தபோது, ஒரு வருடம் முடித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். வாங்க ஆள் வராமல் போயிருந்தால் இது அலமாரியில் தூங்கியிருக்கும்.

ஓர் அமைப்பு எப்படித் தேர்வு செய்கிறது என்று பாருங்கள்

நன்கொடை கொடுப்பதற்கு முன் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நல்ல ஆராய்ச்சித் தொண்டு அமைப்பு, வரும் விண்ணப்பங்களை அந்தத் துறையைச் சேர்ந்த, அமைப்போடு தொடர்பில்லாத விஞ்ஞானிகளுக்கு அனுப்பி மதிப்பீடு வாங்கும். பிறகு ஒரு நிபுணர் குழு கூடி வரிசைப்படுத்தும். குழுவில் இருப்பவரின் சொந்தத் துறையிலிருந்தோ மாணவரிடமிருந்தோ விண்ணப்பம் வந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும். பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சித் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பில் சேர வேண்டுமானால் இப்படிப்பட்ட மதிப்பீடு கட்டாயம். குழுவில் யார் யார், யாருக்கு எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற பட்டியலை அவர்களே வெளியிடுவார்கள். அது எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள், கேட்டும் சொல்லவில்லை என்றால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கேட்கலாம், தவறில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விண்ணப்பங்களை ஒழுங்காக மதிப்பிட, கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் போனதா என்று பின்தொடர, ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் செலவைச் சுருக்கிவிட்டு, தெரிந்தவருக்குப் பணத்தைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பின் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும், ஆராய்ச்சி நடக்காது. நிதி திரட்டவே பாதிக்கு மேல் செலவாகிறது என்றால் அது வேறு விஷயம், அங்கே யோசிக்கத்தான் வேண்டும்.

வங்கியில் இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு ஏன் இன்னும் கேட்கிறார்கள் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு ஆதரவு என்று ஒப்புக்கொண்டால் மூன்று நான்கு வருடத்துக்கான பொறுப்பு அது, பாதியில் கைவிட்டால் அந்த மாணவரின் வாழ்க்கையும் போகும், செய்த வேலையும் வீண். அதனால் ஒப்புக்கொண்ட தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறார்கள். 2020ல் கொரோனா வந்தபோது நிதி திரட்டும் ஓட்டங்கள், கடைகள், நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றுபோய், ஆராய்ச்சித் தொண்டு அமைப்புகள் பல புதிய மானியங்களை வெட்டவோ தள்ளிப்போடவோ நேர்ந்தது. கையிருப்பு வைத்திருந்தவர்கள்தான் பழைய வாக்கையாவது காப்பாற்றினார்கள்.

இன்ன நோய்க்கு மட்டும் என்று நிபந்தனையோடு கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் முடிந்தால் நோயின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்ன முறை, இன்ன ஆய்வகம் என்று இறுக்கிக் கட்டாதீர்கள். ஐந்து வருடத்தில் அந்த முறையே காலாவதியாகிவிடலாம். மாதாமாதம் வரும் சிறு தொகை, ஒரே தடவை வரும் பெரிய தொகையைவிடத் திட்டமிட உதவுகிறது என்று பல அமைப்புகளும் சொல்கின்றன, காரணம் நான் சொல்லாமலே புரியும். உயிலில் எழுதிவைப்பதும் உண்டு. பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகள் பலவற்றின் வருமானத்தில் கணிசமான பங்கு உயில்கள் வழியாகத்தான் வருகிறது.

மருந்து விலை என்ற சங்கடம்

பொதுமக்கள் கொடுத்த பணத்தில் தொடங்கிய ஆராய்ச்சி கடைசியில் யாரும் வாங்க முடியாத விலையில் மருந்தாக வந்தால் என்ன நியாயம்? இது மனதை உறுத்தும் கேள்வி, இதற்கு முழுமையான பதில் இன்னும் யாரிடமும் இல்லை. முதுமை நோய் இல்லை என்றாலும் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிறவியிலேயே வரும் ஓர் அரிய விழித்திரை நோய்க்கான மரபணுச் சிகிச்சையின் ஆரம்பகால ஆய்வுகளுக்கு, 1971ல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஃபைட்டிங் பிளைண்ட்னஸ் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு பணம் கொடுத்தது. 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற பெயரில் அதற்கு அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர்.

இதற்கு ஒரு மாற்றாகச் சில அமைப்புகள் மானியத்தை முதலீடு மாதிரிக் கொடுக்கின்றன, மருந்து விற்றால் அதில் ஒரு பங்கு அமைப்புக்கே திரும்பும், அதை அடுத்த ஆராய்ச்சியில் போடலாம். நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான அமெரிக்க அமைப்பு இப்படிப் போட்ட பணத்துக்குக் கிடைத்த உரிமைத்தொகையை 2014ல் 330 கோடி டாலருக்கு விற்றது. ஆராய்ச்சிக்குப் பெரும் பலம்தான், ஆனால் மருந்தின் விலை ஏறினால் தொண்டு அமைப்புக்கும் வருமானம் ஏறும் என்ற நிலையில் அது நோயாளி பக்கம் நிற்குமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நீங்கள் கொடுக்கும் அமைப்பு இப்படி முதலீடு செய்கிறதா, செய்தால் விலையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதிக்கொள்கிறதா என்று கேட்பதற்கு நன்கொடையாளருக்கு முழு உரிமை உண்டு.

ஆராய்ச்சி என்ற பெயரில் வருபவர்கள்

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பார்வை போய்க்கொண்டிருக்கும் வயதானவரிடம் நம்பிக்கையை விற்பது மிக எளிது. 2015ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு மருத்துவமனை, மாக்குலா சிதைவு இருந்த மூன்று பெண்களுக்கு, அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்லி இரண்டு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தியது. அவர்கள் 72 முதல் 88 வயதுக்குள் இருந்தவர்கள். மூவருக்கும் இருந்த பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. அரசின் பரிசோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு இருந்ததால் முறையான ஆராய்ச்சி என்று நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டியது 5,000 டாலர்.

உண்மையான மருந்துப் பரிசோதனையில் சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்பது மிக மிக அபூர்வம். இரண்டு கண்களிலும் ஒரே நாளில் செய்துபார்க்க மாட்டார்கள், ஒன்றில் செய்து பொறுத்துப் பார்ப்பார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டுவார்கள், என்னென்ன கெடுதல் வரலாம் என்று எழுத்தில் தருவார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பார்கள். பதிவேட்டில் இருப்பது மட்டும் ஒரு சான்றிதழ் ஆகாது. சந்தேகம் வந்தால் உங்கள் கண் மருத்துவரிடமும், அந்த நோய்க்கான தொண்டு அமைப்பு இருந்தால் அதனிடமும் கேளுங்கள். நல்ல அமைப்புகள் இதற்கென்றே உதவி எண் வைத்திருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது போலவே இதுவும் அவர்களின் முக்கியமான சேவை.

பணம் இல்லாதவர் கொடுக்கக்கூடியது

மாக்குலா நோய் இருப்பவர்களோ, இல்லாத முதியவர்களோ ஆய்வுகளில் பங்கேற்கலாம். எல்லா ஆய்வும் ஊசி மருந்து இல்லை, பலவற்றில் கண்ணைப் படம் எடுத்து, ரத்தம் கொஞ்சம் எடுத்து, சில கேள்விகள் கேட்டு அனுப்பிவிடுவார்கள். ஆள் கிடைக்காமல் நின்றுபோகும் ஆய்வுகள் நிறைய.

இன்னொன்று கண் தானம். தானம் செய்த கண்ணில் கருவிழி இன்னொருவருக்குப் பொருத்தப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், மீதி விழித்திரை ஆராய்ச்சிக்கு உதவும் என்பது அவ்வளவாகத் தெரியாது. எலிக்கு மாக்குலா இல்லை என்று மேலே சொன்னேனே, அதனால் மனித விழித்திரைக்கு ஈடு எதுவும் இல்லை. மாக்குலா நோய் வந்த கண் என்பதால் வேண்டாம் என்று சொல்வார்கள் என நினைக்காதீர்கள், ஆராய்ச்சிக்கு அதுதான் மிகவும் தேவை, ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத கண்ணும் தேவை. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதனால் கண் வங்கியில் பதிவு செய்யும்போதே ஆராய்ச்சிக்கும் சம்மதம் என்று தனியாகக் கேட்டு எழுதிவையுங்கள். சில இடங்களில் அந்தச் சம்மதம் வேறு படிவத்தில் இருக்கும். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கப் போவது அவர்கள்தான்.